கண்டுபிடிப்பதற்கும் கூலி உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் வாசகர் கடிதப் பகுதியில் லால்குடி வாசகர் ஒருவர் எழுதியிருந்ததைப் பட்டறையில் உட்கார்ந்து இரண்டு முறை படித்தேன். சிக்னலில் நிற்கும்போதெல்லாம் அவருடைய கார் குலுங்கிக் குலுங்கி ஆஃப் ஆகிவிடுகிறதாம். மூன்று இடங்களில் காட்டியிருக்கிறார். செலவு ஆனதே தவிர வண்டி சரியாகவில்லை. எல்லாம் எத்தனால் பெட்ரோல் செய்கிற வேலை என்றும், மெக்கானிக்குகள் அதைச் சாக்காக வைத்துக் கொள்ளையடிக்கிறார்கள் என்றும் முடித்திருந்தார். நாற்பது ஆண்டுகளாகப் பெட்ரோல் எஞ்சின்களோடு இருப்பவன் நான். அவருடைய கோபம் நியாயமானது. ஆனால் அவர் வந்து சேர்ந்திருக்கும் இரண்டு முடிவுகளையும் என்னால் ஏற்க முடியவில்லை. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். இடம் போதாவிட்டால் வெட்டிக்கொள்ளுங்கள். நர்ஸ் அம்மா ஒருவரைப் பற்றி எழுதியிருக்கும் பகுதியை மட்டும் தயவுசெய்து வெட்டிவிடாதீர்கள்.

பெட்ரோல் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு கிலோ சுத்தமான பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். ஆகவே 20 சதவீதம் எத்தனால் கலந்தால் அதே காற்றுக்கு எரிபொருளைக் கொஞ்சம் கூட்டித்தான் ஊற்ற வேண்டும். மைலேஜ் குறைகிறது என்று மக்கள் சொல்வது உண்மை. லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலில் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. பழைய கார்ப்பரேட்டர் வண்டிக்கு இந்த மாற்றம் தெரியாது. ஜெட் என்கிற சின்னத் துளை எவ்வளவு பெட்ரோல் விடுகிறதோ அவ்வளவுதான். கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோலைப் பீய்ச்சும் இஞ்செக்ஷன் வண்டியில் சைலன்சர் குழாயில் ஆக்சிஜன் சென்சார் இருக்கிறது. அது பார்த்துச் சொல்ல, கம்ப்யூட்டர் தானாகவே பெட்ரோலைக் கூட்டிக்கொள்ளும். மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்திய வண்டியில் எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொண்டு, அந்தத் தண்ணீர் பெட்ரோல் டேங்க்கின் அடியில் தங்கி எஞ்சினை நிறுத்துவதும் நடக்கிறது. நானே மூன்று டேங்க்குகளை இறக்கிக் கழுவியிருக்கிறேன். ஆனால் தினமும் ஓடுகிற இஞ்செக்ஷன் கார் சிக்னலில் மட்டும் நிற்கிறது, சாலையில் நன்றாக இழுக்கிறது என்றால், பெட்ரோலைக் குற்றம் சொல்வதற்கு முன் பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது. பங்க்கில் எல்லாரும் அதே பெட்ரோலைத்தானே போடுகிறார்கள்?

போன சித்திரையில், சமயபுரம் தேர் முடிந்த வாரம், உறையூரிலிருந்து ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் தம் மனைவியோடு வந்தார். 2013 மாடல், நான்கு சிலிண்டர், 71,000 கிலோமீட்டர் ஓடிய வண்டி. கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் நான்கு பில்கள். பொறி தரும் பிளக் நான்கு, பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் இக்னிஷன் காயில் ஒரு செட், ஆக்சிஜன் சென்சார், பெட்ரோல் பம்ப். மொத்தம் 23,400 ரூபாய். எல்லாம் நல்ல கம்பெனிச் சாமான்கள்தான். வண்டி முன்பு நின்றது போலவே நின்றுகொண்டிருந்தது.

பானட்டைத் திறப்பதற்கு முன் நான் கேள்வி கேட்பேன். காலையில் முதல் ஸ்டார்ட்டில் எப்படி? சூடான பிறகு எப்படி? ஏசி போட்டால் என்ன ஆகிறது? நின்ற பிறகு உடனே ஸ்டார்ட் ஆகிறதா, இருபது நிமிடம் ஆறவிட வேண்டியிருக்கிறதா? எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. எண்ணெய் தீர்ந்த விளக்கைப் போலத் துடித்துத் துடித்து அடங்குகிறதா, சுவிட்ச் போட்டு நிறுத்தியதைப் போலச் சட்டென்று நிற்கிறதா? துடித்து அடங்கினால் காற்றிலோ பெட்ரோலிலோ கோளாறு என்று மனம் அந்தப் பக்கம் போகும். சட்டென்று நின்றால் மின்சாரப் பக்கம். விதிவிலக்கு உண்டு, ஆனாலும் தேட வேண்டிய இடம் இந்த ஒரே கேள்வியில் பாதியாகிவிடும்.

அவருடைய மனைவிதான் சரியாகப் பதில் சொன்னார். வண்டியை ஓட்டுவது பெரும்பாலும் அவர்தான். "காலையில் பத்து நிமிடம் ஒரு குறையும் இல்லை அண்ணே. தில்லைநகர் தாண்டுவதற்குள் சூடாகிவிடும். ஏசி போட்டு சிக்னலில் நின்றால் ஸ்டீயரிங் நடுங்கும், அப்புறம் அடங்கிவிடும். சாவியைத் திருப்பினால் உடனே எடுத்துக்கொள்ளும்" என்றார். முந்தைய பட்டறைகளில் இதைச் சொன்னீர்களா என்றேன். யாரும் கேட்கவில்லை என்றார்.

ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டர் ஃபேன் ஒரு முறை சுற்றி நிற்கும் வரை சும்மா விட்டேன். எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றுகிறது என்று காட்டும் ஆர்.பி.எம். முள் 750-இல் நிற்க வேண்டும்; அது 500-க்கும் 950-க்கும் இடையே ஆடிக்கொண்டிருந்தது. சைலன்சர் வாய்க்கு நேராக உள்ளங்கையைக் காட்டினேன். இதை ஐடிஐ முடித்து வருகிற பிள்ளைகள் செய்வதே இல்லை; கை அழுக்காகும் என்பதால் அல்ல, யாரும் சொல்லித்தரவில்லை என்பதால். ஒரு சிலிண்டர் மட்டும் செத்திருந்தால் தாளம் ஒரே இடத்தில் தவறிக்கொண்டே இருக்கும். மூன்று அடி, ஒரு வெற்றிடம், மூன்று அடி, ஒரு வெற்றிடம் என்று கையில் எண்ணிவிடலாம். இங்கே தாளம் கண்டபடி தவறியது. அப்படியென்றால் குற்றம் ஒரு பிளக்கிலோ ஒரு காயிலிலோ இல்லை. நான்கு சிலிண்டருக்கும் பொதுவான ஏதோ ஒன்றில் இருக்கிறது. காசு செலவில்லாமல் உள்ளங்கை சொல்லிய சேதி இது. அவர்கள் வாங்கிய முதல் இரண்டு பில்களும் இந்த இடத்திலேயே தேவையற்றுப் போகின்றன.

அதற்குப் பிறகுதான் வண்டியின் கம்ப்யூட்டர் குறித்து வைத்திருக்கும் கோளாறு எண்களைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டினேன். பி0171, பி0300 என்று இரண்டு எண்கள். முதலாவதின் பொருள், கலவையில் காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லை. இரண்டாவதின் பொருள், குறிப்பிட்ட சிலிண்டர் என்றில்லாமல் அங்கங்கே மிஸ் அடிக்கிறது, அதாவது பெட்ரோல் சரியாக எரியாமல் தவறுகிறது. இந்த இடத்தில்தான் பட்டறைகள் தடுக்கி விழுகின்றன. எண் தெருவைச் சொல்லும், வீட்டைச் சொல்லாது. "பெட்ரோல் குறைவு" என்று தகவல் கொடுத்தது ஆக்சிஜன் சென்சார். ஆகவே ஒருவர் அதை மாற்றினார். பெட்ரோல் குறைவு என்றால் பம்ப் போதவில்லை என்று அடுத்தவர் நினைத்தார்; பம்ப்பை மாற்றினார். இருவரையும் நான் திருடர்கள் என்று சொல்ல மாட்டேன். எண்ணைப் படித்தார்கள், அதற்கு மேல் படிக்கவில்லை.

அதற்கு மேல் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். அதே ஸ்கேனரில் ஃபியூவல் டிரிம் என்று ஒரு வரி ஓடும். கம்ப்யூட்டர் தன் கணக்குக்கு மேல் எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ ஊற்றுகிறது என்பதை அது காட்டும். இந்த வண்டியில் ஐடிலில், அதாவது ஆக்சிலேட்டரைத் தொடாமல் எஞ்சின் சும்மா ஓடும்போது, 22 சதவீதம் கூட்டி ஊற்றிக்கொண்டிருந்தது. ஆக்சிலேட்டரை மிதித்து 2,500-இல் பிடித்தேன். மெதுவாக இறங்கி 4 சதவீதத்தில் வந்து நின்றது. பம்ப் சோர்ந்திருந்தால் நேர் எதிராக நடக்க வேண்டும். எஞ்சின் கூடுதலாகக் கேட்கக் கேட்கப் பற்றாக்குறை வளர வேண்டும். இங்கே ஐடிலில்தான் பஞ்சம். ஐடிலில் த்ராட்டில், அதாவது காற்று வழியைத் திறந்து மூடும் தகடு, ஏறக்குறைய மூடியிருக்கும். எஞ்சினுக்குக் காற்று போகும் இன்டேக் குழாய்க்குள் உறிஞ்சும் விசை மிக அதிகமாக இருக்கும். எங்காவது ஒரு சின்ன ஓட்டை இருந்தால் போதும், திருட்டுக் காற்று அதன் வழியாக நுழையும். இந்த வண்டியில் காற்றை அளக்கும் சென்சார் ஏர் ஃபில்டரை ஒட்டி இருக்கிறது. அதைத் தாண்டி நுழையும் காற்று கணக்கில் வராது. எஞ்சின் நிறையக் காற்றை இழுக்கும்போது அந்தத் திருட்டுக் காற்று ஒரு பொருட்டே இல்லை. ஐடிலில் அதுவே பெரும் பங்கு. (காற்றை நேரடியாக அளக்காமல் இன்டேக் குழாயின் அழுத்தத்தைப் பார்த்துக் கணக்கிடும் வண்டிகள் நம் ஊரில் நிறைய உண்டு. அவற்றில் இந்த எண்கள் இப்படி வராது. பெரும்பாலும் ஐடில் ஏறிக்கொண்டு நிற்கும். இளைய மெக்கானிக்குகள் இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.)

ஆக, காற்று எங்கோ கசிகிறது. எங்கே என்பதுதான் மிச்சம். அரை அங்குல ரப்பர் டியூப் ஒன்றரை அடி நீளத்தில் என்னிடம் எப்போதும் இருக்கும். ஒரு முனை காதில், மறுமுனை எஞ்சின்மேல். டாக்டரின் ஸ்டெதஸ்கோப் போலத்தான். ஃபேன் சத்தத்திலும் பெல்ட் சத்தத்திலும் வெறுங்காதுக்குக் கேட்காதது இதில் கேட்கும். இன்டேக் குழாயின் கேஸ்கட் ஓரமாக நான்கு சிலிண்டருக்கும் நகர்த்தினேன். ஒன்றுமில்லை. பிரேக் மிதியை இலகுவாக்கும் பிரேக் பூஸ்டருக்குப் போகும் தடித்த ஹோஸ். ஒன்றுமில்லை. குழாய்க்குப் பின்னால், கை நுழையாத இருட்டில் கொண்டுபோனபோது மெலிதாக, பல்லிடுக்கில் காற்றை உறிஞ்சினால் வருமே, அந்தச் சத்தம் வந்தது. ஆனால் காதை மட்டும் நம்பி பாகம் வாங்கக் கூடாது. நோஸ் பிளையரின் வாயில் துணியைச் சுற்றி ஒவ்வொரு ஹோஸாக நசுக்கிப் பார்த்தேன். பிரேக் ஹோஸை நசுக்கினேன், மாற்றமில்லை. டேங்க் ஆவி வரும் சின்ன ஹோஸ், மாற்றமில்லை. எஞ்சின் வயிற்றிலிருந்து ஆவியை இன்டேக்குக்குக் கொண்டுவரும் பிரீதர் ஹோஸை இன்டேக் பக்கம் நசுக்கினேன். முள் 750-இல் வந்து நின்றது. ஏர் ஃபில்டர் மூடியின்மேல் என் மூக்குக் கண்ணாடிக் கூட்டை வைத்திருந்தேன். அதுவரை நடுங்கி நடுங்கி ஓரத்துக்கு நகர்ந்துகொண்டே இருந்த கூடு அப்படியே நின்றுவிட்டது. பிளையரை விட்டேன், மறுபடி நகர்ந்தது. பிடித்தேன், நின்றது. அந்த அம்மாவைக் கூப்பிட்டு அவர் கையாலேயே நசுக்கிப் பார்க்கச் சொன்னேன்.

ஹோஸைக் கழற்றிப் பார்த்தால் மேலே பளபளப்பாகத்தான் இருந்தது. வளைவின் அடிப்பக்கம், கண்ணுக்கு எட்டாத இடத்தில், நகக்கண் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. நேராகப் பிடித்தால் மூடிக்கொள்ளும், வளைத்தால் வாய் திறக்கும். குளிர்ந்திருக்கும்போது ரப்பர் இறுகிக் கிடந்தது. சூட்டில் இளகியதும் பிளந்தது. காலையில் பத்து நிமிடம் ஒரு குறையும் இல்லை என்று அந்த அம்மா சொன்னதற்கு விடை அதுதான். ஏசி போட்டால் கம்ப்ரஸரின் சுமையும் சேர்ந்துகொள்ளும். ஏற்கெனவே தள்ளாடும் எஞ்சின் அடங்கிவிடும்.

புது ஹோஸ் 180 ரூபாய். கண்டுபிடிக்க எனக்கு ஆன நேரம் இரண்டு மணி பத்து நிமிடம். பில்லில் "கோளாறு கண்டறிந்த கூலி 900" என்று தனியாக எழுதினேன். வங்கி அதிகாரி பணத்தைக் கொடுத்துவிட்டார், பேரம் பேசவில்லை. ஆனால் மனதில் இருந்ததைக் கேட்டார்: "தப்பாக நினைக்காதீர்கள். பாகத்துக்கு டப்பா இருக்கிறது, விலை ஒட்டியிருக்கிறது. இந்த 900-க்கு எதைப் பார்த்து மனதைத் தேற்றிக்கொள்வது?" நல்ல மனிதர், உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அவர் கேட்டதை அன்றிலிருந்து நான் சுமந்துகொண்டிருக்கிறேன். 23,400 ரூபாய்க்கு அவர் ஒரு இடத்திலும் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை, கையில் டப்பா கிடைத்ததால்.

லால்குடி வாசகருக்கு நான் சொல்ல வருவது இதைத்தான். நம் ஊரில் பழுதைக் கண்டுபிடிப்பது இலவசம் என்ற எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. "என்னவென்று பார்த்துச் சொல்லுங்கள், வேலை இருந்தால் காசு தருகிறேன்" என்கிறார்கள். பார்த்துச் சொல்வதுதான் வேலையே. மாற்றுவது அதில் கடைசிப் பத்து நிமிடம். வாடகைக்கு இடம் பிடித்து, இரண்டு பையன்களுக்குச் சம்பளம் கொடுக்கிற ஒரு சின்னப் பட்டறைக்காரர் இரண்டு மணி நேரம் தேடி 180 ரூபாய் ஹோஸைக் கண்டுபிடித்தால் அவருக்கு மிஞ்சுவது இருபது ரூபாய். பத்து நிமிடம்கூடத் தேடாமல் பம்ப்பை மாற்றினால் அன்றைய சோறு கிடைக்கும், பாராட்டும் கிடைக்கும். இப்படி ஒரு ஏற்பாட்டை நாம் எல்லாரும் சேர்ந்து வைத்துக்கொண்டு, பாகம் மாற்றுகிறவனைத் திட்டிப் பயனில்லை.

நானும் மாற்றியிருக்கிறேன். எழுதக் கூசுகிறது, ஆனாலும் எழுத வேண்டும்.

2011-இல் ஒரு நர்ஸ் அம்மா என்னிடம் வண்டி விட்டுக்கொண்டிருந்தார். இரவுப் பணி முடித்து ஸ்ரீரங்கத்துக்கு அப்பால் தனியாக ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர். "ஓடிக்கொண்டே இருக்கும்போது திடீரென்று நின்றுவிடுகிறது, கொஞ்ச நேரம் கழித்து ஸ்டார்ட் ஆகிறது" என்றார். அன்று பட்டறையில் ஆறு வண்டிகள். நான் அவரிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. பட்டறையில் ஓட்டிப் பார்த்தேன், நன்றாக ஓடியது. பிளக்கை மாற்றினேன், த்ராட்டில் பாடியில் படிந்திருந்த கார்பனைத் துடைத்தேன், 1,850 ரூபாய் வாங்கிக்கொண்டு, "இனி வராது சிஸ்டர்" என்று சொல்லி அனுப்பினேன். நான்காம் நாள் இரவு, கொள்ளிடம் பாலத்தின் நடுவில் வண்டி நின்றது. பின்னால் மணல் லாரிகள். எஞ்சின் நின்றால் பவர் ஸ்டீயரிங் கல்லாகக் கனக்கும். பிரேக் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும், பிறகு பெடலை முழு பலத்தோடு மிதித்தால்தான் பிரேக் பிடிக்கும். அவர் எப்படியோ கைப்பிடிச் சுவர் ஓரமாக ஒதுக்கிவிட்டார். ஒரு லாரி பக்கக் கண்ணாடியைப் பெயர்த்துக்கொண்டு போனது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் வந்து அந்த உடைந்த கண்ணாடியை என் மேசைமேல் வைத்தார். திட்டவில்லை. "இனி வராது என்று சொன்னீர்களே அண்ணே" என்று மட்டும் கேட்டார்.

அன்று எல்லா வேலையையும் நிறுத்திவிட்டு அந்த வண்டியை எடுத்துக்கொண்டு சென்னை பைபாஸில் ஒரு மணி நேரம் ஓட்டினேன். சூடேறியதும் நின்றது. சட்டென்று, சுவிட்ச் போட்டது போல. அங்கேயே ஸ்கேனரை மாட்டி செல்ஃப் அடித்தேன். எஞ்சின் சுற்றுகிறது, ஸ்கேனரிலோ ஆர்.பி.எம். பூஜ்யம். எஞ்சினின் முக்கியத் தண்டான கிராங்க் ஷாஃப்ட் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சென்சார் சூட்டில் ஊமையாகிவிடுகிறது. அது பேசாவிட்டால் ஸ்பார்க்கும் இல்லை, பெட்ரோலும் இல்லை. வயரிங்கையும் கனெக்டரையும் சோதித்துச் சரியாக இருப்பதை உறுதி செய்துகொண்டேன். ஆறிய பிறகு சென்சார் மறுபடி பேசியது. "சட்டென்று நிற்கிறதா, ஆறிய பிறகுதான் எடுக்கிறதா" என்று நான்கு நாளைக்கு முன் கேட்டிருந்தால் அந்தப் பாலத்தில் அவர் நின்றிருக்க மாட்டார். அந்தப் பக்கக் கண்ணாடி இன்னும் என் பட்டறைச் சுவரில் தொங்குகிறது. புதிதாக வேலைக்குச் சேரும் ஒவ்வொரு பையனுக்கும் அதைக் காட்டி இந்தக் கதையைச் சொல்லிவிட்டுத்தான் ஸ்பானரைக் கையில் கொடுப்பேன்.

நான் தொழில் கற்றது அம்பாசடரும் பியட்டும் ஓடிய காலத்தில். பிளக்குக்குப் போகும் மின்சாரத்தை விட்டு விட்டுத் தரும் சி.பி. பாயிண்டைத் தீட்டி, ஃபீலர் கேஜ் என்னும் அளவுத் தகடு வைத்து இடைவெளி பார்த்து, கார்ப்பரேட்டரில் இரண்டு திருகாணிகளைக் காதால் கேட்டுக்கொண்டே திருகினால் ஐடில் நின்றுவிடும். ஒவ்வொரு பிளக் வயராகப் பிடுங்கிப் பார்ப்போம். எதைப் பிடுங்கினால் சத்தம் மாறவில்லையோ அந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை. இன்று அதை அப்படியே செய்தால் கெடுதல். காயிலைப் பிடுங்கினால் எரியாத பெட்ரோல் சைலன்சர் குழாயில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் போய் அதைச் சுட்டுக் கெடுக்கும். அதனால் இஞ்செக்டர் கனெக்டரைத்தான் கழற்ற வேண்டும். எலெக்ட்ரானிக் த்ராட்டிலைத் துடைக்கும்போது தகட்டை விரலால் அழுத்தித் தள்ளக் கூடாது, உள்ளே பல்சக்கரம் போய்விடும். துடைத்த பிறகு ஐடில் அளவை ஸ்கேனரிலோ கம்பெனி சொன்ன முறையிலோ மறுபடி கற்றுக்கொடுக்க வேண்டும், இல்லையென்றால் துடைப்பதற்கு முன் ஓடியதைவிட மோசமாக ஓடும். தேடும் முறை மாறவில்லை, கைப்பழக்கம் மாற வேண்டும்.

எளிய சோதனை ஒன்றை வாகனம் வைத்திருக்கும் எல்லாரும் தெரிந்துகொள்ளலாம். ஸ்கேனரில் பி0302 வந்தால் இரண்டாம் சிலிண்டர் மிஸ் அடிக்கிறது என்று பொருள். உடனே காயில் வாங்கச் சொன்னால், "இரண்டாவது காயிலையும் மூன்றாவது காயிலையும் இடம் மாற்றிப் பார்த்தீர்களா?" என்று கேளுங்கள். மாற்றிய பிறகு எண் பி0303 ஆகிவிட்டால் குற்றம் காயிலில். 0302-ஆகவே இருந்தால் காயில் நல்லது. அடுத்து பிளக்கையும் அதேபோல் இடம் மாற்றிப் பார்க்க வேண்டும், பிறகு இஞ்செக்டர், கம்ப்ரஷன். ஒரு ரூபாய்ப் பொருள் வாங்காமல் செய்யக்கூடிய சோதனை. கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். எந்தச் சோதனையில் இது கெட்டது என்று தெரிந்தது என்பதைப் பில்லில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். எழுத முடியாதவர் சோதிக்கவில்லை. சோதித்து எழுதுகிறவருக்கு அவர் கேட்கும் கூலியைக் கொடுங்கள்.

பிள்ளைகளுக்கு வருகிறேன். மோட்டார் வாகன மெக்கானிக் படிப்பு ஐடிஐ-யில் இரண்டு வருடம். என்னிடம் பயிற்சிக்கு வருகிற பையன்கள் எஞ்சினைப் பிரித்து மாட்டுகிறார்கள், பாகங்களின் பெயரும் பழுதில்லாமல் சொல்கிறார்கள். ஓடுகிற எஞ்சினில் கோளாறு எங்கே என்று கேட்டால் திகைத்து நிற்கிறார்கள். அவர்கள்மேல் தவறில்லை, அந்தப் பாடத்துக்கு உரிய நேரம் அவர்களுக்குக் கிடைப்பதில்லை. அரசுக்கு என் வேண்டுகோள் இது. செய்முறைத் தேர்வில் நன்றாக ஓடும் ஒரு எஞ்சினை வையுங்கள். ஆசிரியர் யாருக்கும் தெரியாமல் ஒரு ஹோஸைத் தளர்த்தட்டும், ஒரு பிளக்கின் இடைவெளியை அடைத்து வைக்கட்டும், ஒரு எர்த் வயரைத் துருப்பிடித்ததாக மாற்றட்டும். ஒரு மணி நேரத்தில் பையன் கண்டுபிடிக்க வேண்டும். எதைச் சோதித்தான், என்ன கிடைத்தது, அதனால் எதை விலக்கினான் என்று அரைப் பக்கம் எழுத வேண்டும். பாகத்துக்கு அல்ல, அந்த அரைப் பக்கத்துக்கு மதிப்பெண் போடுங்கள். என் பட்டறையில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதைத்தான் செய்கிறோம். போன மாதம் பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் நான் ஒளித்து வைத்த பழுதை முப்பத்தைந்து நிமிடத்தில் பிடித்தான். அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

சின்னப் பட்டறைகளுக்குத் தகவல் கிடைப்பதில்லை என்பதும் உண்மை. வயரிங் படமும், கம்பெனியின் அளவுகளும், முழு வசதியுள்ள ஸ்கேனரும் வெளிச்சந்தையில் எளிதில் அகப்படுவதில்லை. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு அபராதம் விதித்து, உதிரிபாகங்களும் பழுதறியும் கருவிகளும் வெளிப்பட்டறைகளுக்கும் கிடைக்க வழி செய்ய வேண்டும் என்று உத்தரவிட்டது. மேல்முறையீடு, வழக்கு என்று அது நீண்டது. அன்று உங்கள் நாளிதழில் வந்த செய்தியைக் கத்தரித்து வைத்திருக்கிறேன். என் போன்றவர்கள் கள்ள மென்பொருளைத் தேடாமல், நியாயமான விலை கொடுத்து அந்தத் தகவலை வாங்கும் நிலை வர வேண்டும். உங்கள் செய்தியாளர்கள் இதை மறுபடி ஒருமுறை கிளறி எழுதினால் பெரிய உதவியாக இருக்கும்.

கடைசியாக லால்குடி வாசகருக்கு. ஐயா, வண்டியை என்னிடம் கொண்டுவாருங்கள். முதல் நாள் மாலையே வந்து விட்டுவிட்டுப் போங்கள். இரவு முழுதும் ஆறி, காலையில் முதல் ஸ்டார்ட்டை நான் கேட்க வேண்டும். வரும் வழியில் டாஷ்போர்டில் எந்த எச்சரிக்கை விளக்கு எரிந்தாலும் பேட்டரி வயரைக் கழற்றி அழிக்க வேண்டாம், கம்ப்யூட்டர் சேர்த்து வைத்திருக்கும் நினைவெல்லாம் அதோடு போய்விடும். டேங்க்கில் பாதியாவது பெட்ரோல் இருக்கட்டும். மூன்று இடத்துப் பில்களையும், அவர்கள் கழற்றிக் கொடுத்த பழைய பாகங்கள் இருந்தால் அவற்றையும் எடுத்துவாருங்கள். வண்டியை அதிகம் ஓட்டுகிறவர் யாரோ அவரும் கூட வரட்டும். அவரிடம் கேட்க எனக்கு நிறைய இருக்கிறது. கண்டுபிடிக்கும் கூலி 900 ரூபாய். கண்டுபிடிக்க முடியாவிட்டால் ஒரு பைசா வேண்டாம்.

இப்படிக்கு,
பெட்ரோல் கார் மெக்கானிக்,
அரியமங்கலம், திருச்சி.